போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம்: கொங்கு நாட்டுத் தொழில்களுக்கு மென்பொருள் எழுதும் ஒருவரின் மதிப்பீடு

திருப்பூரில் ஓர் ஏற்றுமதி ஆர்டர், நூலாக உள்ளே வந்து பெட்டியாக வெளியே போவதற்குள் பல கை மாறுகிறது. நிட்டிங் ஓரிடம், டையிங் வேறிடம், காம்பாக்டிங் இன்னோரிடம். அதன்பிறகு கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங். சரக்கு வாசலைத் தாண்டும் ஒவ்வொரு முறையும் ஒரு டெலிவரி சலான் போடப்படுகிறது. திரும்பி வரும் ஒவ்வொரு முறையும் எடையில் ஒரு வித்தியாசம் இருக்கிறது. ஈரோட்டு ஜவுளி, கரூர் வீட்டு உபயோகத் துணி, பல்லடம் விசைத்தறி, கோவைப் பம்பு உதிரிபாகம் என எதை எடுத்துக்கொண்டாலும் அமைப்பு ஏறத்தாழ இதுவே: ஒரே பொருளின் கணக்கைப் பல இடங்களில் இருக்கும் பலர் ஒரே நேரத்தில் எழுதுகிறார்கள். இத்தகைய தொழிலுக்கு மென்பொருள் எழுதுபவர் எந்தத் தரவுத்தளத்தை நம்பலாம் என்று கேட்டால், போஸ்ட்கிரெஸ்கியூஎல் (சுருக்கமாக போஸ்ட்கிரெஸ்) என்பதே என் பதில். நிரலில் பிழை இருந்தாலும், அவசரத்தில் யாரேனும் தவறாகப் பதிந்தாலும், தொழிலின் விதியை மீறிய ஒரு வரி (அட்டவணையில் ஒரு பதிவு) கூட உள்ளே நுழையாமல் தடுக்கும் வசதிகள் அதில் நிறைந்திருப்பதே முதற்காரணம்.

இதன் வரலாறு நீண்டது. 1986-இல் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில், மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் தலைமையில் போஸ்ட்கிரெஸ் என்ற ஆய்வுத் திட்டமாகத் தொடங்கியது. 1994-இல் ஆண்ட்ரூ யூ, ஜாலி சென் என்ற இரு மாணவர்கள் அதில் தரவைக் கேட்கவும் மாற்றவும் உதவும் எஸ்கியூஎல் மொழியைச் சேர்த்தார்கள். 1996-இல் இன்றைய பெயர் வந்தது. இப்போதும் எந்த ஒரு நிறுவனமும் இதற்கு உரிமையாளர் இல்லை. வணிகப் பயன்பாட்டுக்கும் உரிமக் கட்டணம் கிடையாது. நம் பகுதியில் பலர் பழகியிருக்கும் மைக்ரோசாஃப்டின் எஸ்கியூஎல் சர்வர் எக்ஸ்பிரஸ் பதிப்பும் இலவசம்தான் என்றாலும், 2022 பதிப்பில் ஒரு தரவுத்தளத்தின் அளவு 10 ஜிபியைத் தாண்ட முடியாது. சலானோடு சலானின் படத்தையும் சேர்த்து வைக்கத் தொடங்கும் நிறுவனம் அந்த எல்லையை வெகுவிரைவில் தொட்டுவிடும்.

முதலில் எண்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். எடையையும் பணத்தையும் எந்த வகையில் சேமிப்பது என்பது புதிதாக வரும் நிரலாளர் எல்லோரும் கேட்கும் கேள்வி. டபுள் பிரிசிஷன் என்ற தோராய எண் வகையில் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் 0.30000000000000004 என்று வரும். நூறு ரோல் துணியின் எடையைக் கூட்டிச் சலானோடு ஒப்பிடும் இடத்தில் இந்தக் கடைசி இலக்கம், சமமாக இருக்க வேண்டிய இரு தொகைகளைச் சமமில்லை என்று காட்டிவிடும். எனவே கிலோவுக்கு மூன்று தசம இடமும் ரூபாய்க்கு இரண்டு தசம இடமும் உள்ள நியூமெரிக் என்ற துல்லிய எண் வகையே சரியானது. முழுமையாக்குவதிலும் இரண்டு வகைகளுக்கும் வேறுபாடு உண்டு. 2.5 என்ற எண்ணை ரவுண்ட் செய்தால் நியூமெரிக் 3 என்று தரும். டபுள் பிரிசிஷனோ பெரும்பாலான கணினிகளில் அருகிலுள்ள இரட்டை எண்ணான 2-ஐத் தரும். வரித் தொகையை மையப் பங்கு, மாநிலப் பங்கு என்று பாதியாகப் பிரிக்கும் பில்லில் இது பைசா வித்தியாசமாக வெளிப்பட்டு, கணக்கரின் டேலியோடு பொருந்தாமல் நிற்கும்.

அடுத்தது, எனக்கு இந்தத் தரவுத்தளத்தில் மிகவும் பிடித்த பகுதி. ஒரு நிட்டிங் மெஷினில் ஒரு நேரத்தில் ஒரு புரோகிராம்தான் (ஒரு பார்ட்டியின் நிட்டிங் வேலை) ஓடும். காலை எட்டு மணி முதல் மறுநாள் காலை எட்டு மணி வரை ஏழாம் எண் மெஷின் ஒரு பார்ட்டிக்கு ஒதுக்கப்பட்டிருந்தால், அன்று மாலை நான்கு மணி முதல் அதே மெஷினை இன்னொருவருக்கு ஒதுக்கக் கூடாது. பொதுவாக இதை நிரலில்தான் சரிபார்ப்பார்கள்: ஏற்கெனவே உள்ள ஒதுக்கீடுகளைப் படித்து, குறுக்கீடு இல்லை என்று தெரிந்தபின் புதியதை எழுதுவார்கள். இரண்டு சூப்பர்வைசர்கள் ஒரே நொடியில் பதிந்தால் இருவருக்கும் இடம் காலியாகவே தெரியும். இருவரின் பதிவும் உள்ளே போய்விடும். போஸ்ட்கிரெஸில் 2012-இல் வந்த 9.2 பதிப்பு முதல் கால இடைவெளியையே ஒரு தரவு வகையாக வைத்துக்கொள்ளலாம். மெஷின் எண் சமமாகவும் கால இடைவெளி ஒன்றன்மேல் ஒன்று படிவதாகவும் உள்ள இரண்டு வரிகள் இருக்கக் கூடாது என்று எக்ஸ்க்ளூஷன் கட்டுப்பாடு ஒன்றை எழுதிவிட்டால், இரண்டாவது பதிவு பிழையோடு திரும்பிவிடும். இதற்கு பிட்ரீ-ஜிஸ்ட் என்ற நீட்சியை (கூடுதல் வசதித் தொகுப்பை) முன்கூட்டியே இயக்க வேண்டும். அது போஸ்ட்கிரெஸோடு சேர்ந்தே வருவதுதான். இடைவெளியின் தொடக்கத்தைச் சேர்த்தும் முடிவைச் சேர்க்காமலும் எழுதுவது முக்கியம். இல்லையென்றால் எட்டு மணிக்கு முடியும் புரோகிராமும் எட்டு மணிக்குத் தொடங்கும் புரோகிராமும் மோதுவதாகக் கொள்ளப்படும். மதிப்பைச் சோதிக்கும் சாதாரண செக் கட்டுப்பாடு எழுதும்போது கவனிக்க வேண்டிய ஒன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்: மதிப்பு நல் (எதுவும் நிரப்பப்படாதது) ஆக இருந்தால் செக் அதை அனுமதித்துவிடும். ஆகவே எடை பூஜ்யத்தைவிடக் கூடுதல் என்று எழுதுவதோடு, நாட் நல் என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும்.

பில் எண் பற்றிய கேள்விக்குப் பலரும் தவறான விடையையே பெறுகிறார்கள். சீக்வென்ஸ் என்ற தானியங்கி எண் வசதி இருக்கிறதே, அதையே பில் எண்ணாக வைத்துக்கொள்ளலாமா என்று கேட்கிறார்கள். வைத்துக்கொள்ளக் கூடாது. சீக்வென்ஸிலிருந்து ஓர் எண் எடுக்கப்பட்டபின் அந்த டிரான்சாக்‌ஷன் ரோல்பேக் ஆனாலும் (முழுதாக நடக்க வேண்டிய அல்லது நடக்கவே கூடாத செயல்தொகுப்புதான் டிரான்சாக்‌ஷன்; அதை நடக்காததாக்குவது ரோல்பேக்) எண் திரும்பி வராது. சர்வர் திடீரென்று நின்று எழும்போதும் சில எண்கள் விடுபட்டுப் போகலாம். ஜிஎஸ்டி விதி 46-இன்படி வரிப்பட்டியலின் (பில்லின்) எண் தொடர் வரிசையில், 16 எழுத்துக்குறிகளுக்கு மேற்படாமல், அந்த நிதியாண்டுக்குள் திரும்ப வராததாக இருக்க வேண்டும். எனவே ஒவ்வொரு நிதியாண்டின் ஒவ்வொரு பில் வகைக்கும் ஒரு பதிவு என்ற கணக்கில் கடைசி எண்ணை வைத்திருக்கும் தனி அட்டவணை ஒன்று வேண்டும். பில்லைச் சேமிக்கும் அதே டிரான்சாக்‌ஷனுக்குள் அந்தப் பதிவை அப்டேட் செய்து, மாறிய மதிப்பைத் திருப்பித் தரும் ரிட்டர்னிங் மூலம் புதிய எண்ணைப் பெற வேண்டும். பில் தோற்றால் எண்ணும் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். இதனால் பில் போடுபவர்கள் ஒருவர்பின் ஒருவராகச் சில மில்லிநொடிகள் காத்திருக்க நேரும். மாதக் கடைசி நாளிலும் ஒரு திருப்பூர் நிறுவனத்துக்கு அது உறுத்தாது. சீக்வென்ஸை உள்ளக அடையாள எண்ணுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

இருப்புக் கணக்கிலும் இதே தன்மையுள்ள சிக்கல் வருகிறது. இருப்பைப் படித்து, நிரலில் கழித்து, மீண்டும் எழுதும் முறையில் இரண்டு பேர் ஒரே லாட்டிலிருந்து துணி எடுத்தால் ஒருவருடைய கழிவு காணாமல் போகும். ஒரே நேரத்தில் நடக்கும் வேலைகள் ஒன்றையொன்று எவ்வளவு பார்க்கலாம் என்பதைச் சொல்லும் தனிமை நிலை, போஸ்ட்கிரெஸில் இயல்பாக ரீட் கமிட்டட் என்பதால் அது இதைத் தானாகத் தடுக்காது. ஒரே அப்டேட் கட்டளையில் இருப்பிலிருந்து 120 கிலோவைக் கழிக்கச் சொல்லி, இருப்பு 120-க்குக் குறையாமல் இருந்தால் மட்டும் என்ற நிபந்தனையையும் அதிலேயே சேர்த்துவிட்டால் போதும். இரண்டாவது ஆள் முதலாமவர் முடிக்கும்வரை காத்திருப்பார். பிறகு புதிய இருப்பை வைத்து நிபந்தனை மீண்டும் சோதிக்கப்படும். போதவில்லை என்றால் எந்த வரியும் மாறாது. எத்தனை வரிகள் மாறின என்பதை நிரல் கட்டாயம் பார்க்க வேண்டும்.

தமிழைக் கையாளும் விதத்தைச் சற்று விரிவாகவே எழுத விரும்புகிறேன், ஏனெனில் தமிழில் பெயர்ப்பட்டியல் வைத்திருக்கும் கடைகள் ஈரோட்டிலும் கோபியிலும் நிறைய உண்டு. ஊர்வாரியாக வரிசைப்படுத்திய பட்டியலைப் பார்த்துக்கொண்டே, “பவானி பார்ட்டியெல்லாம் எங்கீங்க, பழனிக்கு முன்னாடி காணோமுங்களே?” என்று ஒரு கடைக்காரர் கேட்பது முற்றிலும் நியாயமான கேள்வி. நம் எழுத்து வரிசையில் வகரம் ழகரத்துக்கு முன்னால் வருகிறது. யுனிகோடு எண் வரிசையிலோ ழகரம் முன்னால் இருக்கிறது. ஆகவே சி எனப்படும் அடிப்படைக் கொலேஷனில் (எழுத்து வரிசை விதியில்) பழனி முதலிலும் பவானி அதன்பின்னும் வரும். 2017-இல் வெளிவந்த 10-ஆம் பதிப்பு முதல் பல மொழிகளின் எழுத்து விதிகளைக் கொண்ட ஐசியு நூலகத்தின் தமிழ்க் கொலேஷனைப் பயன்படுத்தலாம். அதில் பவானி தனக்குரிய இடத்தில் வந்து நிற்கும். 2022-இல் வந்த 15-ஆம் பதிப்பு முதல் முழுத் தரவுத்தளத்துக்கும் ஐசியுவையே இயல்பாக வைத்துவிட முடிகிறது. பிற தரவுத்தளங்களோடு ஒப்பிட்டு மதிப்பெண் போடுவதாக இருந்தால், இந்த ஒன்றுக்கே நான் தாராளமாகப் போடுவேன்.

ஈரோடு என்ற பெயரையே எடுத்துக்கொள்வோம். நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. தரவுத்தளத்தின் கணக்கில் ஐந்து குறியீடுகள், யுடிஎஃப்-8 சேமிப்பில் 15 பைட்டுகள். ஆகவே நீளத்துக்கு இருபது, முப்பது என்று எல்லை வைக்கும் வார்கேர் வகையில் தமிழ்ப் பெயர்கள் எதிர்பாராத இடத்தில் பிழை தரும். டெக்ஸ்ட் வகையை வைத்துக்கொண்டு, தேவையானால் செக் கட்டுப்பாட்டில் எல்லை சொல்வது நல்லது. இதைவிட ஆழமான சிக்கல் ரோ என்ற எழுத்தில் இருக்கிறது. ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம். ஏகாரக் குறி, கால் என்று இரண்டு குறியீடுகளாகப் பிரித்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய பட்டியலை உள்ளே ஏற்றும்போது இரண்டாவது வடிவம் கலந்து வரக்கூடும். அப்போது யுனீக் கட்டுப்பாடு இருந்தும் ஒரே பெயர் இரண்டு முறை பதிவாகும், தேடினால் ஒன்றுதான் கிடைக்கும். 2020-இல் வந்த 13-ஆம் பதிப்பு இதற்காக நார்மலைஸ் என்ற செயற்கூறைத் தருகிறது. எல்லாப் பெயர்களையும் என்எஃப்சி என்ற சேர்த்தெழுதும் வடிவத்துக்கு மாற்றிச் சேமித்து, அந்த வடிவத்தில் இல்லாததை ஏற்கக் கூடாது என்று செக் கட்டுப்பாடும் வைத்துவிட்டால் சிக்கல் தீர்ந்தது. 2019-இல் வந்த 12-ஆம் பதிப்பில் முழு உரைத் தேடலுக்குத் தமிழ்ச் சொல் வேரைப் பிரிக்கும் வசதியும் சேர்ந்தது. குறிப்புகள், விவரணைகள் போன்ற நீண்ட உரைக்கு அது உதவும். ஆட்பெயரிலும் கம்பெனிப் பெயரிலும் அதை நான் பயன்படுத்துவதில்லை.

நேரத்தைச் சேமிக்க டைம்ஸ்டாம்ப் வித் டைம்சோன் வகையே ஏற்றது. அது உள்ளே உலகப் பொது நேரமாகச் சேமித்து, கேட்கும் இணைப்பின் நேர மண்டலத்துக்கு மாற்றித் தருகிறது. சர்வர் வெளியில் எங்கோ இருந்து பொது நேரத்தில் ஓடினால், நமக்குக் காலை 5.30-க்குத்தான் அதற்குத் தேதி மாறும். நள்ளிரவுக்குப் பின் ஓடிய நைட் ஷிப்டு உற்பத்தி முந்தைய தேதியில் விழும். அறிக்கையில் ஆசியா/கொல்கத்தா மண்டலத்துக்கு மாற்றியபின் தேதியைப் பிரிக்க வேண்டும். ஆனால் கூலிக் கணக்குக்கு அதுவும் போதாது. இரவு தொடங்கி விடியலில் முடியும் வேலை எந்த நாளின் ஷிப்டு என்பதைத் தீர்மானிப்பது நிறுவனத்தின் வழக்கம்; ஒன்றரை ஷிப்டு கணக்கும் சனிக்கிழமைச் சம்பளமும் அந்த வழக்கத்தையே பின்பற்றுகின்றன. எனவே ஷிப்டு தேதி என்று தனியாக ஒரு டேட் புலம் வைத்து, பதிவின்போதே அதை நிரப்புவதுதான் சரியான வடிவமைப்பு.

மின்சாரம் போனால் என்னவாகும் என்ற கேள்வியை வாடிக்கையாளர் தவறாமல் கேட்பார். ஒவ்வொரு மாற்றமும் முதலில் வால் எனப்படும் முன்பதிவுக் கோப்பில் எழுதப்பட்டு, அது வட்டில் பதிந்தபின்தான் கமிட் (பதிவை உறுதியாக்குதல்) முடிந்ததாகப் போஸ்ட்கிரெஸ் சொல்கிறது; மீண்டும் இயங்கும்போது அதைப் படித்துத் தன்னைச் சரிசெய்துகொள்கிறது. வேகத்துக்காக, வட்டில் பதிந்ததை உறுதிசெய்யும் எஃப்சிங்க் அமைப்பை அணைக்கச் சொல்லும் அறிவுரை ஆங்காங்கே கிடைக்கிறது. அதை ஏற்கவே கூடாது, மின்வெட்டில் தரவுத்தளமே சிதைந்துவிடக் கூடும். வேகம் மிகவும் தேவைப்பட்டால், கமிட் வட்டில் பதியும்வரை காத்திருக்கச் செய்யும் சிங்க்ரனஸ் கமிட் என்பதை மட்டும் அணைக்கலாம். கடைசிச் சில பதிவுகள் போகலாமே தவிர மற்றவை முழுமையாக இருக்கும். பில்லுக்கு அதையும் செய்ய வேண்டாம். அட்டவணையின் அமைப்பையே மாற்றும் கட்டளைகளையும் டிரான்சாக்‌ஷனுக்குள் வைத்து, பாதியில் பிழை வந்தால் முழுவதையும் ரோல்பேக் செய்ய முடிவது இதனோடு சேர்ந்த பெரிய வசதி. மைஎஸ்கியூஎல் என்ற மற்றொரு தரவுத்தளத்தில் அத்தகைய கட்டளை ஒவ்வொன்றும் தானாகவே கமிட் ஆகிவிடும். இரவில் தொலைவிலிருந்து வாடிக்கையாளரின் சர்வரைப் புதுப்பிப்பவருக்கு இதன் அருமை தெரியும்.

அறிக்கை மெதுவாக வருகிறது என்ற புகாருக்கு, கேள்வி எப்படி ஓடியது என்று காட்டும் எக்ஸ்ப்ளெய்ன் அனலைஸ் தரும் விளக்கத்தில் முதலில் பார்க்க வேண்டியது, திட்டமிட்ட வரிகளின் எண்ணிக்கைக்கும் உண்மையில் வந்த எண்ணிக்கைக்கும் உள்ள தூரம். பத்து வரி என்று கணித்து இரண்டு லட்சம் வரி வந்திருந்தால் புள்ளிவிவரம் பழையதாகிவிட்டது. புள்ளிவிவரத்தைப் புதுப்பிக்கும் அனலைஸ் கட்டளையை இயக்கிவிட்டு மீண்டும் பார்க்க வேண்டும். தேதிப் புலத்தை மாதமாக மாற்றி ஒப்பிடும் வழக்கம் இன்னொரு காரணம்: புலத்தின்மேல் செயற்கூறு ஏறியவுடன் சாதாரண இண்டெக்ஸ் (தேடலை விரைவாக்கும் பட்டியல்) பயன்படாது, மாதத்தின் முதல் நாளிலிருந்து அடுத்த மாதத்தின் முதல் நாளுக்கு முன்வரை என்று எல்லை சொன்னால் பயன்படும். ஃபாரின் கீ (வேறோர் அட்டவணையின் பதிவைச் சுட்டும் இணைப்பு) வைத்தால் அந்தப் புலத்துக்கு இண்டெக்ஸ் தானாக வரும் என்று நினைப்பவர்கள் பலர். வராது, நாமே உருவாக்க வேண்டும். எக்ஸ்ப்ளெய்ன் அனலைஸ், தனக்குக் கொடுக்கப்பட்ட கட்டளையை உண்மையாகவே இயக்குகிறது என்பதால், அப்டேட்டையோ டெலிட்டையோ சோதிப்பவர் அதை ரோல்பேக் ஆகும் டிரான்சாக்‌ஷனுக்குள் வைத்தே சோதிக்க வேண்டும். வேலை நேரத்தில் இண்டெக்ஸ் சேர்ப்பதாக இருந்தால் கன்கரன்ட்லி என்ற சொல்லைச் சேர்க்கலாம்; எழுதுபவர்கள் தடைபட மாட்டார்கள். ஆனால் அந்தக் கட்டளை டிரான்சாக்‌ஷனுக்குள் இயங்காது.

இனி குறைகள். ஒரு வரியை அப்டேட் செய்தால் போஸ்ட்கிரெஸ் பழைய வடிவத்தை அங்கேயே விட்டுவிட்டுப் புதியதை எழுதுகிறது. படிப்பவரும் எழுதுபவரும் ஒருவரையொருவர் தடுக்காமல் இருப்பதற்குக் கொடுக்கும் விலை அது. பழையவற்றை ஆட்டோவேக்குவம் பின்னணியில் அகற்றும். ஆனால் இயல்பான அமைப்பில் அட்டவணையின் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு பழையதாகும் வரை அது தொடங்காது. இருப்பு அட்டவணை போல இடைவிடாமல் மாறுபவற்றுக்கு இந்த அளவைக் குறைத்து வைக்க வேண்டும். டிரான்சாக்‌ஷனைத் திறந்தபடியே விட்டுவிட்டுத் தேநீர் குடிக்கப் போகும் ஒரு கணினி இந்தத் துப்புரவு முழுவதையும் முடக்கிவிடும். 9.6 பதிப்பில் வந்த சும்மா நிற்கும் டிரான்சாக்‌ஷனுக்கான நேர எல்லையை அமைப்பது கட்டாயம் என்றே சொல்வேன்.

ஒவ்வோர் இணைப்புக்கும் தனி இயங்குதளச் செயல்முறை தொடங்குவது அடுத்த குறை. இயல்பான எல்லை 100 இணைப்புகள். கைபேசிச் செயலி வழியாகச் செக்கிங் மேசைகளிலிருந்து நேரடியாகப் பதியத் தொடங்கினால் அது விரைவில் நிரம்பும். எல்லையை ஆயிரமாக்குவதைவிட நடுவில் இணைப்புகளைப் பகிர்ந்துதரும் பிஜிபவுன்சர் வைப்பதே தீர்வு. பதிப்பு மாற்றமும் எளிதன்று. ஆண்டுக்கொரு பெரிய பதிப்பும், ஒவ்வொன்றுக்கும் ஐந்தாண்டு ஆதரவும் உண்டு. பெரிய பதிப்புக்கு மாற பிஜி-அப்கிரேடு என்ற கருவியை இயக்குவது வழக்கம். 18-ஆம் பதிப்புக்கு முன்புவரை புள்ளிவிவரம் உடன் வராது என்பதால், மாறியவுடன் அனலைஸ் செய்யாவிட்டால் மறுநாள் காலை எல்லா அறிக்கையும் திணறும். லினக்ஸின் சொல்வரிசை நூலகமோ ஐசியுவோ புதுப்பிக்கப்பட்டால் உரைப் புலங்களின் இண்டெக்ஸ்களை மீண்டும் கட்ட வேண்டும். இது பலருக்குத் தெரிவதில்லை; இருக்கும் பெயர் தேடலில் கிடைக்காமல் போகும்போதுதான் தெரியவருகிறது.

பிஜி-டம்ப் மூலம் பேக்கப் எடுக்கும்போது வேலையை நிறுத்த வேண்டியதில்லை. தொடங்கிய நொடியின் முழு நிலையை அது எடுத்துத் தருகிறது. பயனர் பெயர்களும் கடவுச்சொற்களும் அதில் சேராது என்பதால் பிஜி-டம்ப்ஆலைக் கொண்டு அவற்றைத் தனியாக எடுக்க வேண்டும். எடுத்ததை வேறொரு கணினியில் ஏற்றி, கடைசி பில் எண்ணும் மொத்த இருப்பும் பொருந்துகின்றனவா என்று பார்ப்பதையும் பராமரிப்பு ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுவது நல்லது.

ஒரே கணினியில் பில் போடும் சிறு கடைக்கு இவ்வளவும் தேவையில்லை. தனி சர்வர் தேவைப்படாத எஸ்கியூலைட் தரவுத்தளம் போதுமானது, பராமரிக்க ஆளும் வேண்டாம். இரண்டாவது யூனிட் திறந்து, வெளியிலிருந்தும் பதிவு வரத் தொடங்கும் நிலையில் உள்ள நிறுவனம் போஸ்ட்கிரெஸுக்கு வரலாம். சர்வரைக் கவனிக்க ஆள் இல்லையென்றால் மும்பை, ஐதராபாத் மண்டலங்களிலிருந்து கிடைக்கும் மேகச் சேவையில் வாடகைக்கு எடுக்கலாம். பேக்கப்பும் புதுப்பிப்பும் பெரும்பாலும் அவர்கள் பொறுப்பாகிவிடும். ஆனால் முழு நிர்வாக அதிகாரம் கிடைக்காது, அவர்கள் அனுமதித்த நீட்சிகள் மட்டுமே இயங்கும். ஆகவே மாதக் கட்டணத்தை விசாரிக்கும் முன், தாம் எழுதும் மென்பொருளுக்கு வேண்டிய நீட்சிகளும் தமிழ் ஐசியு கொலேஷனும் அங்கே கிடைக்கின்றனவா என்று நிரலாளர் ஒரு சோதனைக் கணக்கில் இயக்கிப் பார்த்துக்கொள்ள வேண்டும்.